ஆறாம் நம்பர் இடது, ஐந்தாம் நம்பர் வலது

கோயிலுக்குப் போனால் செருப்பை ஜோடியாக விடாதே, ஒன்றை இந்தப் பக்கம் விடு, மற்றதை அந்தப் பக்கம் விடு, ஒற்றைச் செருப்பை எந்தத் திருடனும் எடுக்கமாட்டான் என்று நான் நடக்கப் பழகிய நாளிலிருந்து அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். நான் அதைத் திருவண்ணாமலையிலும் செய்திருக்கிறேன், வேளாங்கண்ணியிலும் செய்திருக்கிறேன், ஷமீம் அக்காவோடு போன தர்காவிலும் செய்திருக்கிறேன். ஆகவே இங்கிலாந்தின் செஸ்டர் நகரத்தில், செங்கல் நிறக் கல்லால் கட்டிய அந்தப் பெரிய கதீட்ரலின் வாசல் மண்டபத்தில், என் கறுப்பு ஷூக்களில் இடதை இடப்பக்கத் தூணுக்குப் பின்னாலும் வலதை வலப்பக்கத் தூணுக்குப் பின்னாலும் விட்டுவிட்டு, சாக்ஸ் போட்ட காலோடு உள்ளே போனபோது, தவறாக எதுவும் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தேன். இரண்டு தூணுக்குப் பின்னாலும் ஒன்றுமில்லை.

வாசலில் நீலப் பட்டை அணிந்து, வருகிறவர்களுக்கு வரைபடம் கொடுத்துக்கொண்டிருந்த மோரீன் என்ற பெண்மணி என் காலைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"உங்களுடையவையா? அவை கிளம்பிவிட்டன. ஆர்கன் வாசிப்பு முடிந்த கையோடு இடது புறப்பட்டது, கிழக்கே போய்க் கோட்டைச் சுவர் மேல் ஏறிவிட்டது. வலது கொஞ்ச நேரம் நின்றது, மழை வருமா என்று யோசிப்பதுபோல. பிறகு அதுவும் போயிற்று, ஆனால் வடக்கே. நான்தான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்."

"நீங்கள் நிறுத்தவில்லையா?"

"எதற்கு நிறுத்த வேண்டும்? இரண்டும் மரியாதையாகத்தான் நடந்தன" என்றார் மோரீன்.

எனக்கு அழுகை வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மறுநாள் காலை மான்செஸ்டரில் எனக்கு இன்டர்வியூ இருந்தது. அந்த வேலை கிடைத்தால்தான் விசா, விசா இருந்தால்தான் இந்த நாடு, இல்லையென்றால் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், அது போதாதென்று கடல் தாண்டி வந்து இன்னொன்றும் வாங்கியவள், மாதக் கடைசியில் பெட்டியோடு ஆம்பூர் ரயில் நிலையத்தில் இறங்குவாள். புது ஷூ கடிக்கும், கடித்தால் நொண்டுவேன், நொண்டிக்கொண்டு இன்டர்வியூ அறைக்குள் போனால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் யோசித்துத்தான், ஒருநாள் முழுக்க நடந்து ஷூவைப் பழக்கிவிடலாம், பழக்குகிற நேரத்தில் ஒரு பழைய ஊரையும் பார்த்துவிடலாம் என்று லிவர்பூலிலிருந்து தனியாக ரயிலேறி வந்திருந்தேன்.

வேறு ஷூ வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். எனக்கு அது முடியாது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் என் வலது கால் கொஞ்சம் இளைத்துப்போனது. இடது பாதத்துக்கு ஆறாம் நம்பர் வேண்டும், வலது பாதத்துக்கு ஐந்தாம் நம்பர் வேண்டும், உலகத்தில் எந்தக் கடையும் அப்படி ஜோடி விற்பதில்லை, வாங்கினால் ஒன்று கடிக்கும் அல்லது ஒன்று கழன்று விழும். என் அம்மா தெய்வானை, ஆம்பூரில் வெளிநாட்டுக்கு ஷூ அனுப்பும் ஒரு கம்பெனியில் ஷூவின் மேல்தோலைத் தைப்பவள். கழித்துப் போட்டு வருஷக்கணக்காகக் குவிந்து கிடந்த ரிஜெக்ட் ஷூக்களுக்குள் கைவிட்டு, தையல் ஓரிடத்தில் லேசாக விலகிய ஓர் ஆறாம் நம்பர் இடதை எடுத்தாள், அது அவளே தைத்தது. பக்கத்து லைனில் வேலை செய்யும் ஷமீம் அக்கா, நிறம் ஒரு சாயல் வெளுத்த ஓர் ஐந்தாம் நம்பர் வலதை எடுத்தாள், அது அக்கா தைத்தது. தங்களோடு பிறந்த ஜோடிகள் எல்லாம் நல்ல பீஸ் என்று பாஸாகி, வேறு துணை சேர்க்கப்பட்டுக் கப்பலேறிப் போய்விட, பின்தங்கிக் கிடந்த இரண்டு ஒற்றைகள் அப்படித்தான் என் காலுக்கு வந்தன.

விமான நிலையத்தில் அம்மா சொன்ன கடைசி வார்த்தை இதுதான்: "அந்த ஊர்ல கோபுரத்த அப்பறமா பாருடி, மொதல்ல ஜனங்க கால பாரு. நான் தெச்சது எதுனா நடந்து போவுதான்னு பாத்து சொல்லு."

ஆகவே என் ஷூக்கள் எங்கே போயிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறந்த ஜோடியைத் தேடிப் போயிருந்தன, அவற்றைப் பிரித்து விட்டவள் நான்தான்.

செஸ்டரின் பெரிய தெருக்களில் கடைகள் இரண்டு அடுக்காக இருக்கும். கீழே ஒரு வரிசை, படியேறினால் மாடத்தில் நடைபாதையோடு இன்னொரு வரிசை, அதற்கு மேலே கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாகக் கோலம் போட்டதுபோல வீடுகள். சாக்ஸ் நனைந்து, கல் குத்தி, நான் படியேறி நுழைந்த முதல் கடை ஒரு டீக்கடை. அதை நடத்திய கிளெனிஸ், அறுபது வயதிருக்கும், எல்லையைத் தாண்டி வேல்ஸிலிருந்து வந்தவர், கல்லாவிலிருந்தபடியே என் காலைப் பார்த்து, "ஓ, அது நீதானா லவ்" என்றார். அங்கே எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நம் ஊரில் கண்ணு என்பதுபோல.

"பார்த்தீர்களா அதை?"

"பார்த்தேனா? இடது இங்கே வந்துவிட்டுத்தான் போனது. ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் போய் எல்லோருடைய வலது காலையும் பார்த்தது, கல்லாவுக்குப் பின்னால் மட்டும் வரவில்லை. மூன்றாம் மேஜைக்காரர் காலை இழுத்துக்கொண்டார், நான் திட்டிவிட்டேன். ஒருவர் தேடுகிறபோது காலை நீட்டுவதற்கு என்ன கஷ்டம்?"

அவர் தன் தோட்டத்து ரப்பர் பூட்ஸை எனக்குக் கொடுத்தார், முழங்கால் வரை வந்தது, இரண்டு காலுக்கும் பெரியது, நடந்தால் டபக் டபக் என்றது. பிறகு ஸ்கோன் என்னும் ஒரு குட்டி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி என் கையில் திணித்து, கதவில் 'மூடப்பட்டது' அட்டையைத் திருப்பிவிட்டு, "வா, பன்னிரண்டு அடிக்கப்போகிறது, தண்டோரா போடச் சொல்லலாம்" என்றார்.

நான் நகைச்சுவை என்று நினைத்தேன். ஆனால் அந்த ஊரில் தண்டோராக்காரர் உண்மையாகவே இருந்தார். எங்கள் ஊரில் தண்டோரா போட வருகிறவர் கசங்கிய சட்டையோடு ஆட்டோவில் மைக் பிடித்து வருவார், இவர் இறகு வைத்த தொப்பியும் ஜரிகைக் கோட்டும் பெரிய வெண்கல மணியுமாக நான்கு தெருக்கள் கூடும் முனையில் நின்றார். கிளெனிஸ் அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். அவர் எதுவும் கேட்கவில்லை, எத்தனையாம் நம்பர் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு மணியை அடித்தார்.

"கேளுங்கள், நகரத்தாரே, விருந்தினரே, கேளுங்கள்! ஆறாம் நம்பர் இடது ஒன்று, ஐந்தாம் நம்பர் வலது ஒன்று, இரண்டும் கறுப்பு, இரண்டும் இந்தியாவில் ஆம்பூரில் பிறந்தவை, இன்று காலையிலிருந்து நம் சுவரின் மேல் துணை தேடி நடக்கின்றன! யாரும் துரத்த வேண்டாம்! யாரும் தூக்க வேண்டாம்! உங்கள் காலருகே வந்து நின்றால், அது பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நிற்பதே நாகரிகம்!"

"இடதா? நான் அந்தப் பக்கத்துக்கு ஓட்டுப் போட்டதே இல்லை!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"அதனால்தான் அது உன்னைத் தேடி வரவில்லை, ராய்" என்றார் கிளெனிஸ்.

அதன்பிறகு அந்த ஊர் தன் வேலையைப் பார்த்தபடியே என் ஷூக்களையும் பார்த்துக்கொண்டது. கோட்டைச் சுவர் நகரத்தைச் சுற்றி வளையமாக ஓடுகிறது, அதன் மேல் நடக்கலாம். நானும் கிளெனிஸும் இடது போன வழியில் வலமாக நடந்தோம், எங்கே நின்று கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. கிழக்கு வாசலின் மேல் நிற்கும் வண்ணக் கடிகாரத்துக்கு அடியில் படம் எடுத்துக்கொண்டிருந்த தம்பதி, அது தங்கள் படத்துக்குக் குறுக்கே வராமல் காத்திருந்து போனதாகச் சொன்னார்கள். ரோமானியர் கட்டிய வட்ட அரங்கின் இடிபாட்டருகே புல் வெட்டியவர், அதற்காக இயந்திரத்தை நிறுத்தியதாகச் சொன்னார். தெருவில் நிறுத்தும் வண்டிகளுக்கு அபராதம் எழுதும் பெண்ணொருத்தி, ஷூ வண்டி நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டின் மேல் நெடுநேரம் நின்றதாகவும், எழுதலாமா என்று தான் யோசித்ததாகவும், ஆனால் ஒற்றை ஷூவை நிறுத்தி வைத்த வண்டி என்று சொல்ல முடியாது, அது நடுவழியில் இருக்கும் ஒன்று என்று முடிவு செய்ததாகவும் சொன்னாள். நாய்க்கு வைப்பதுபோல யாரோ ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள், அதன் பக்கத்தில் இன்னும் யோசித்த யாரோ கொஞ்சம் பாலிஷும் வைத்திருந்தார்கள்.

சுவரிலிருந்து இறங்கி ஆற்றங்கரைக்கு வந்தபோது நான் அதைப் பார்த்தேன். கரையோர மரங்களுக்குக் கீழே ஒரு வரிசை நின்றது. ஐஸ்கிரீம் கையில் வைத்திருந்தவர்கள், படகுக்கு டிக்கெட் எடுத்தவர்கள், ஆபீஸ் இடைவேளையில் வந்தவர்கள், வங்கியில் நிற்பதுபோல ஒருவர் பின் ஒருவராக, ஒவ்வொருவரும் வலது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டியபடி. என் இடது ஷூ முதல் காலில் ஆரம்பித்து, முனையை நிமிர்த்திப் பார்த்து, இல்லை என்று நகர்ந்து, அடுத்த காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பார்த்து முடிக்கப்பட்டவர்கள் ஓரமாய்ப் போய் உட்கார்ந்து, தங்கள் ஷூவைக் கழற்றி, லேஸுக்கு அடியிலிருக்கும் தோல் நாக்கைத் தூக்கி, உள்ளே எழுதியிருப்பதை முதன்முறையாகப் படித்தார்கள். "என்னுடையது இந்தியா!" என்றாள் ஒருத்தி. "என்னுடையது வியட்நாம், பரவாயில்லையா?" என்று ஒரு கிழவர் என்னிடம் கேட்டார். பரவாயில்லை என்றேன்.

அந்த நேரத்தில்தான் அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். ஆம்பூரில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள், தோளோடு தோளாக ஷமீம் அக்கா, பின்னால் எல்லாச் சீட்டிலும் லைன் பெண்கள்.

"இன்னாடி இது, ரப்பர் பூட்ஸு? நாத்து நட போறியா? ஷூ எங்க?"

"போயிடுச்சும்மா."

"எவனா எடுத்துனு போயிட்டானா?"

"இல்லம்மா. கோயிலாண்ட கழட்டி வுட்டேன். அதுவே நடந்து போயிடுச்சு."

பிறகு ஷமீம் அக்கா தலையை நீட்டி, "ரெண்டும் ஒரே பக்கமாவா போச்சு?" என்றாள்.

"இல்லக்கா. ஒண்ணு இந்தாண்ட, ஒண்ணு அந்தாண்ட."

"அதான பாத்தேன். கூடப் பொறந்ததுங்க இல்லியே."

பின் சீட்டிலிருந்து ஒரு குரல், "கோயில்ல செருப்பு தொலைஞ்சா சனி தொலைஞ்சுதுன்னு வுடுங்க தெய்வானக்கா" என்றது. அம்மா திரும்பி, "சும்மா கீறியா நீ? நாளைக்கு இன்டர்வியூவுக்கு அவ காலுல இன்னாத்த போட்டுனு போவா, சனியையா?" என்று ஒரு அதட்டுப் போட்டாள்.

நான் போனைத் திருப்பி வரிசையைக் காட்டினேன். ஆற்றங்கரைக் கால்கள் எல்லாம் ஆம்பூர் பஸ்ஸுக்குள் தெரிந்தன. அதுவரை அந்தப் பெண்கள் தோலாகவும் நூலாகவும் அட்டைப்பெட்டியாகவும்தான் ஷூவைப் பார்த்திருந்தார்கள், மனிதர் நிற்கும் ஷூவாகப் பார்த்ததில்லை. ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து போனுக்குள் குனிந்தார்கள். "த, அது நம்ம நாலாவது லைனு!" "அந்த பிரவுனு வாணியம்பாடி பக்கம் தெச்சது, முடிச்ச பாரு." "அந்த ஐயா எவ்ளோ கேவலமா வெச்சினுகீறாரு, கழுவ சொல்லுடி." நான் மொழிபெயர்த்தேன், அந்த ஐயா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கைக்குட்டையால் துடைத்தார், பஸ் முழுக்கச் சிரித்தது. ஒவ்வொருவராக வந்து காலைத் தூக்கிப் போனுக்குக் காட்டினார்கள், சிலர் கையும் ஆட்டினார்கள்.

"மேகலா" என்றாள் அம்மா, குரல் மாறியிருந்தது. "பக்கத்துல நிக்கிற அம்மாவ வலது கால கொஞ்சம் திருப்ப சொல்லு."

கிளெனிஸ் திருப்பினார்.

"அது என் கை" என்றாள் அம்மா. "கடேசில ரெண்டு தையல் திருப்பி வுட்டுகீது பாரு. நான் மட்டுந்தான் அப்டி வுடுவேன்."

நான் சொன்னதைக் கேட்டு கிளெனிஸ் தன் ஷூவைக் குனிந்து பார்த்தார். "என் கணவரின் அடக்கத்துக்காக வாங்கியது" என்றார். "அதன்பிறகு கடையில் நான் வேறெதையும் போடவில்லை. நாள் முழுக்க நிற்கும் வேலை எனக்கு."

அவர் இதைச் சொல்லும்போதே வரிசை முடிந்திருந்தது. என் இடது ஷூ எங்களை நோக்கி வந்தது, கிளெனிஸின் வலது காலருகே வந்தது, வந்து நின்றது, நகரவில்லை. ஒரே தோல், ஒரே நூல், ஒரே நாளில் என் அம்மாவின் மடியிலிருந்து விழுந்தவை. அது தேடியது கிடைத்துவிட்டது, இனி என்னிடம் எதற்கு வரும், நாளை நான் எதைப் போட்டுக்கொண்டு போவேன் என்று நினைத்தேன், அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

கிளெனிஸ் மெல்லக் குனிந்து தன் வலது ஷூவின் லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார். "இத்தனை நாள் என்னைத் தாங்கியது" என்றார். "அதற்குப் போக வேண்டுமென்றால் போகட்டும். நான் வெறுங்காலோடு வீட்டுக்குப் போயிருக்கிறேன், இன்னொரு தடவை போக முடியும்."

ஆனால் என் ஷூ அந்த வலதை மட்டும் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் நின்ற இடதையும் பார்த்தது. அது வேறு யாரோ தைத்தது. ஆனால் இரண்டும் ஒரே மழையில் நனைந்து, ஒரே பக்கமாகக் குதிகால் தேய்ந்து, ஒரே இடத்தில் மடிந்து, முகத்தில் ஒரே சுருக்கம் விழுந்து நின்றன. என் ஷூ இன்னும் சற்று முன்னால் வந்து, கூடப் பிறந்ததன் முனையைத் தன் முனையால் தொட்டது. பிறகு திரும்பி, சுவரை நோக்கி நடந்தது.

"அழுதுனு போவுது" என்றாள் அம்மா போனில்.

"இல்லடி" என்றாள் ஷமீம் அக்கா. "வழி கேட்டுனு போவுது."

நான் பின்னால் ஓடினேன், டபக் டபக் என்று. கிளெனிஸ் ஒரு கையால் லேஸைக் கட்டிக்கொண்டே வந்தார், வரிசையும் எங்களோடு வந்தது. ஆற்றை விட்டு, பழைய கோட்டையைத் தாண்டி, குதிரைப் பந்தய மைதானம் பச்சையாய் விரியும் மேற்குச் சுவருக்கு வந்தபோது, எங்களுக்கு முன்பே அங்கே ஒரு கூட்டம் இருந்தது. பந்தய ஊர் அல்லவா, எது முதலில் வரும் என்று கேக்கும் பியரும் பணயம் வைத்து நின்றார்கள். தண்டோராக்காரரும் இருந்தார். வடக்கே இருந்து வந்த ஒருவர் எனக்காகச் செய்தி வைத்திருந்தார்: வலது தன் ஜோடியைக் கண்டுபிடித்ததாம், வடக்கு வாசலருகே பஸ் நிறுத்தத்தில் ஒரு மாணவியின் காலில், ஆனால் அது நெருங்குவதற்குள் பஸ் வந்துவிட்டது, அவள் ஏறிவிட்டாள். பஸ் போன திசையைப் பார்த்தபடி அது வெகுநேரம் நின்றதாம். "நாங்கள் யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை" என்றார் அவர். "எங்களுக்கும் இப்படி பஸ் தவறிப் போயிருக்கிறது."

அப்போது என் வலது ஷூ வடக்கேயிருந்து சுவரோரமாக வந்தது, லேஸ் மண்ணில் இழுபட.

ஒரு வளையத்தின் ஓரிடத்திலிருந்து எதிரெதிராய்க் கிளம்பியவை வேறெங்கே போய்விட முடியும்? நான் மட்டும் பதற்றத்தில் இதைக் காலையிலிருந்து நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரு முழ இடைவெளியில் நின்றன. தண்டோராக்காரர் மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டார். போனில் ஆம்பூர் பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது. வெளுத்த சாயலும் விலகிய தையலுமாக அவை ஒன்றையொன்று பார்த்தன, நாளெல்லாம் அவ்வளவு கால்களைப் பார்த்த பிறகு, இதை மட்டும் அதுவரை பார்க்காததுபோலப் பார்த்தன. பிறகு வலது ஓர் அடி வைத்தது, இடது ஓர் அடி வைத்தது, பக்கத்தில் வந்து நின்றன, ஆனால் பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் போகும் பிள்ளை மாட்டுவதுபோல இடம் மாறி நின்றன.

"யாரும் சிரிக்கக்கூடாது" என்று கிளெனிஸ் கூட்டத்தைப் பார்த்து விரலை உயர்த்தினார். யாரும் சிரிக்கவில்லை.

அவை புரிந்துகொண்டு, ஒன்றையொன்று சுற்றி, இடம் மாற்றிக்கொண்டன. பிறகு இரண்டும் ஒருசேரத் திரும்பி, முனைகளை ரயில் நிலையத்தின் பக்கமாகவும் குதிகால்களை என் பக்கமாகவும் வைத்து நின்றன, ஏறிக்கொள் என்பதுபோல.

நான் ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறிக்கொண்டேன். காலையில் பலகையாய் இருந்த தோல் பஞ்சாய் இருந்தது. எங்கும் கடிக்கவில்லை, எங்கும் இறுகவில்லை. அவற்றைப் பழக்கத்தான் நான் வந்திருந்தேன், நான் இல்லாமலே அவை பழகியிருந்தன. கூட்டம் கைதட்டியது, பணயக் கேக்கை யார் ஜெயித்தார்கள் என்று தீர்க்க முடியாமல் எல்லோருமே தின்றார்கள், எனக்கும் ஒரு துண்டு வந்தது. தண்டோராக்காரர் தேடல் முடிந்ததாக அறிவித்தார். கிளெனிஸ் தன் பூட்ஸை இடுக்கிக்கொண்டு, "உன் அம்மாவிடம் சொல், லவ்" என்றார், "நன்றாக நிற்கிறது என்று சொல்."

சொன்னேன். அம்மா முகத்தைப் போனிலிருந்து திருப்பிக்கொண்டாள், ஷமீம் அக்காதான் "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாள். பஸ் நின்று இறங்கும்போதுதான் அம்மாவின் குரல் வந்தது: "நாளைக்கு அங்க போயி கழட்டிவுட்டுனு நிக்காதடி."

ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. வெயில் சாய்ந்த வயல்களையும் ஆடுகளையும் பார்த்துக்கொண்டு, மிச்சமிருந்த ஸ்கோனைத் தின்றுகொண்டு, ஒரு வாரத்தில் முதன்முறையாக நான் எதையும் யோசிக்காமல் இருந்தேன். அறைக்கு வந்ததும் ஷூக்களைக் கதவருகே ஒரே இடத்தில், ஒன்றோடொன்று ஒட்ட வைத்தேன்.

மறுநாள் மான்செஸ்டரில், கண்ணாடிக் கதவு போட்ட அந்த அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். கதவுக்கு முன்னால் என் கால்கள் தயங்கின, ஷூக்கள் தயங்கவில்லை.